நாற்பது தாங்கிகளின் அடர்த்தி

பாரந்தூக்கி இயந்திரங்கள் செய்யும் அந்தப் பட்டறையில் அவளுக்குத் தராசக்கா என்று பெயர். வந்திறங்கும் வார்ப்புகளைப் பதினோரு வருடமாக எடைபோட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சோதனை ஓட்டத்தில் கப்பியைத் தாங்கும் எஃகு வார்ப்பு ஒன்று பிளந்து விழுந்தது. கீழே நின்ற ஃபிட்டரின் கணுக்கால் நொறுங்கிப்போயிற்று. உடைந்த துண்டைத் தராசக்காதான் பொறுக்கி எடுத்தாள். உள்ளே பெரிய பொந்து. எஃகை ஊற்றும்போதே விழுந்த குறை.

அதே சரக்கில் இன்னும் நாற்பது தாங்கிகள் ஸ்டோரில் இருந்தன. எக்ஸ்ரே எடுக்க அனுப்பினால் ஒரு மாதம் ஆகும். மேலாளருக்கு அத்தனை பொறுமை இல்லை. பார்வைக்கு நன்றாக இருப்பதைப் பூட்டச் சொல்லிவிட்டார்.

தராசக்கா ஃபோர்மேனிடம் போய் நின்றாள். எடையை மட்டும் நம்ப முடியாது, ஒவ்வொன்றும் பருமனில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கிறது. கன அளவும் கிடைத்தால் அடர்த்தியைக் கண்டுபிடித்துவிடலாம், உள்ளே பொந்து இருந்தால் அடர்த்தி குறைந்தே தீரும் என்றாள். கோணல்மாணலான சாமானின் கன அளவை எந்த டேப்பை வைத்து அளப்பாய் என்று அவர் கேட்டார்.

"டேப் வேணாம் சார். தண்ணி அளந்து சொல்லிடும்."

ஒரு டிரம்மின் விளிம்புக்குச் சற்றுக் கீழே குழாய் பற்றவைத்து வாங்கினாள். குழாய் மட்டம் வரை தண்ணீரை நிரப்பித் தாங்கியைக் கம்பியில் கட்டி இறக்கினால், அது பிடிக்கும் இடத்தின் அளவுக்குத் தண்ணீர் வழிந்து வாளியில் விழும். அதை எடைபோட வேண்டியதுதான். ஒரு கிராம் தண்ணீர் என்றால் ஒரு கன சென்டிமீட்டர். நல்ல எஃகுக்கு ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏழு புள்ளி எட்டு கிராம் வர வேண்டும்.

முதல் தாங்கியின் எடை பதினைந்து கிலோ அறுநூறு. வழிந்த தண்ணீர் இரண்டு கிலோ எழுபத்தைந்து கிராம். வகுத்தால் ஏழரை. இதற்குள் பொந்து இருக்கிறது, அறுத்துப் பாருங்கள் என்று அடித்துச் சொன்னாள்.

ரம்பத்தில் வேலை செய்பவரை எல்லோரும் 'அறுவை' என்பார்கள். தொழிலும் அதுதான், பேச்சும் அதுதான். அவர் வாயைத் திறக்காமல் ஒன்றரை மணி நேரம் அறுத்தார். உள்ளே பொட்டுக் குறை இல்லை.

"இரும்பக் குளிப்பாட்டினது போதும்மா, போய் வேலையப் பாரு" என்றார் மேலாளர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று. வீட்டில் கணவரிடம் சொன்னபோது, விட்டுத்தொலை, உனக்கென்ன வந்தது என்றார். கணுக்கால் போனது உனக்கில்லை என்பதால் அப்படிச் சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில், யாரையும் கேட்காமல் இன்னொரு தாங்கியை முக்கி எடுத்தாள். அதன் அடியில், மறுபக்கம் திறக்காத நான்கு போல்ட் துளைகள். ஒன்றுக்குள் விரலை விட்டாள். விரலில் காய்ந்த துருத்தூள் ஒட்டியது. துளைகள் கீழ்நோக்கி இருந்ததால் காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, தண்ணீரை அண்டவிடவில்லை. அந்தக் காற்றையும் எஃகோடு சேர்த்து அளந்திருக்கிறாள். தப்பு தண்ணீரிலும் இல்லை, வகுத்தலிலும் இல்லை.

துளைகள் பக்கவாட்டில் இருக்கும்படி தாங்கியைச் சாய்த்துக் கட்டினாள். ஒவ்வொரு தரமும் துளைகளைத் துடைத்துவிட்டு, தண்ணீர் உள்ளே நுழைந்து காற்று குமிழியாக வெளியேறும்படி மெதுவாக இறக்கினாள். இப்படி முப்பத்தொன்பதையும், ஒவ்வொன்றையும் மும்மூன்று தரம். மூன்று நாள் ஆயிற்று, அதுவரை எதையும் பூட்டாமல் ஃபோர்மேன் பொறுத்தார். சேலை முந்தானை காயவே இல்லை.

முப்பத்தாறு தாங்கிகள் ஏழு புள்ளி எட்டை ஒட்டியே வந்தன. எல்லாவற்றிலும் எடை குறைந்ததுகூட அதில் இருந்தது, உருவத்தில் சிறியது, அவ்வளவுதான். மூன்று மட்டும் ஏழு புள்ளி நான்கில் நின்றன. அதில் ஒன்று பதினைந்து கிலோ நானூறு. பார்ப்பதற்கு மொழுமொழுவென்று இருந்தது.

இன்னும் ஒரேயொன்றை அறுக்கச் சொல்லிக் கேட்டாள். மேலாளர் முடியாது என்றார். தன் முதல் தப்பை அவள் மறைக்காமல் விளக்கினாள்.

"இதுலயும் ஒண்ணும் இல்லன்னா நானே வேலைய விட்டுப் போயிடுறேன் சார். இருந்துச்சுன்னா, அது மேல ஏறக் கூடாது."

மேலாளர் ஃபோர்மேனைப் பார்த்தார். ஃபோர்மேன், அறுத்துவிடலாம் சார் என்றார்.

ரம்பம் பாதி தாண்டியதும் சத்தம் மாறியது. அறுவை இயந்திரத்தை நிறுத்தி, துண்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டு கோழிமுட்டை வைக்கும் அளவுக்குப் பொந்து.

"உள்ள வீடே கட்டலாம் போலிருக்கு அக்கா" என்றார்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. மீதி இரண்டையும் அன்றே ஒதுக்கிவைத்தார்கள். போன மாதம் புதுச் சரக்கு அறுபது வந்தது. மாதிரிக்கு எத்தனை எடுக்கலாம் என்று மேலாளர் கேட்டார். அறுபதும் என்று சொல்லிவிட்டுத் தராசக்கா டிரம்மைக் கழுவப் போனாள்.