ஓரகத்தி மைக் பிடித்த நாள்

என் கொழுந்தனாரைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். திருவொற்றியூரில் ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்தவள். காலையில் வாசலில் அடுப்பு வைத்து இட்லி விற்பாள். எங்களுக்குள் பெரிய சண்டை எதுவும் வந்ததில்லை. பொறாமைப்பட அவளிடம் என்ன இருக்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

எனக்கு டி.டி.பி. கடையில் வேலை. கண்ணீர் அஞ்சலி போஸ்டர், காதுகுத்துப் பத்திரிகை, கட்சிக்காரர்களின் துண்டு நோட்டீஸ் எல்லாம் என் கையால்தான் அச்சுக்குப் போகும். தெருவிளக்கு எரியாவிட்டாலும், குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். எங்கள் தெருவின் வாய் நான்தான் என்ற நினைப்பு எனக்கு இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, எண்ணூர் போகும் சாலையில் ஒரு கம்பெனி தன் நிலக்கரிக் கிடங்கைப் பெரிதாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. கிடங்கு என்றால் கூரைகூட இல்லாத திறந்தவெளிதான். வழவழப்பான தாளில் ஒரு புத்தகம் அடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். 'நுண்துகள் வெளியேற்றம் அனுமதிக்கப்பட்ட வரம்பிற்குள் இருக்கும்' என்று அதில் போட்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெருவே என்னைக் கேட்டது. "தூசு வரும், பொறுத்துக்கோங்கன்னு அர்த்தம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்னையே பேசச் சொன்னார்கள்.

ஒரு வாரம் உட்கார்ந்து மூன்று பக்கம் எழுதினேன். 'வாழ்வாதாரம்', 'சுற்றுச்சூழல் சீர்கேடு', 'வருங்காலச் சந்ததியினர்' எல்லாம் அதில் இருந்தன.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான் இரண்டாம் பக்கத்தைத் தொடும்போது மேடையில் இருந்த அதிகாரி செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எழுத்துல குடுத்துட்டீங்கல்லம்மா, சுருக்கமா சொல்லுங்க" என்றார். கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாலு பேர் கை தட்டினார்கள்.

அப்போதுதான் பின் வரிசையிலிருந்து அவள் எழுந்து வந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதையாவது உளறி மானத்தை வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். வாங்கினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"சார், நான் இட்லி விக்கிறவ" என்று ஆரம்பித்தாள். "நீங்க துகள்னு சொல்றீங்க. எங்க வூட்ல அது ராவெல்லாம் வந்து மாவு மேல கருப்பா வுழுது. மூடி வச்சாலும் வுழுது. காலைல மேலாக்க வழிச்சுப் போட்டுட்டு, கீழ கீறத ஊத்தித்தான் வித்துகினு கீறேன். இங்க பாதிப் பேரு என்னாண்ட துன்றவங்க. அவங்களுக்கே இத இன்னிக்கித்தான் சொல்றேன். நாளைக்கி எவனும் வர மாட்டான், தெரியும். ஆனா எம்புள்ளிங்களும் அதத்தான் துன்னுதுங்க. நீங்க போட்ட வரம்பு இன்னான்னு எனக்குத் தெரியாது சார். என் மாவுக்குத் தெரியுமா?"

அதிகாரி செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கம்பெனி இன்ஜினீயரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தாள்களைப் புரட்டினார். பிறகு எழுந்த கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

வெளியே எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். இத்தனை வருடமாக என்னிடம் மனு எழுதிக்கொண்ட மளிகைக்கடை பாய் என்னிடம் வந்து, "ஓரகத்தி பேசுனதே போதும்மா, இனிமே வேற பேச்சு எதுக்கு?" என்றார். மனதாரத்தான் சொன்னார். எனக்கு வயிறு எரிந்தது.

பேசியதை எழுத்தில் தர ஒரு வாரம் கொடுத்திருந்தார்கள். அவள் பேச்சை என் கணவர் செல்போனில் பதிவு செய்திருந்தார். அதைக் கேட்டு நான் தட்டச்சு செய்ய வேண்டும். கடையில் உட்கார்ந்து கேட்டேன். நடுவில் "சூப்பர்" என்று என் கணவரின் குரல். என் பேச்சை அவர் பதிவு செய்யவே இல்லை.

'உணவுப் பொருட்கள் மாசடையும் அபாயம் உள்ளது' என்று தட்டினேன். மேலாக்க வழிப்பதை எடுத்துவிட்டேன். சாப்பிடுகிறவர்களிடம் மறைத்ததையும் எடுத்துவிட்டேன். அவளுடைய வியாபாரத்தைக் காப்பாற்றத்தான் எடுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கையெழுத்துப் போடும் முன் அவள் எழுத்துக்கூட்டி முழுவதும் படித்தாள்.

"அக்கா, மாவு வழிக்கிறத காணோமே?"

"உன் வியாபாரம் கெட்டுடக்கூடாதுன்னு எடுத்துட்டேன்."

"அது இல்லன்னா இதுல இன்னாக்கா கீது?" கோபமே இல்லாமல்தான் கேட்டாள். "உனக்கு எழுத்து தெரியும், எது சரியோ அதயே வையி." கையெழுத்துப் போட பேனாவை எடுத்துவிட்டாள்.

என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அந்த நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை. பேனாவைப் பிடுங்கிக்கொண்டு, "இரு, வேற அடிச்சுட்டு வர்றேன்" என்றேன். மறுபடி கடைக்குப் போய், பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, 'வுழுது' என்பதை 'வுழுது' என்றே அடித்தேன். இருபது வருட வேலையில் அப்படி ஒரு சொல்லை நான் தாளில் ஏற்றியதில்லை.

அவளுக்குச் சில நாள் இட்லி மீந்தது. பிறகு எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவர்கள் வீட்டு மாவிலும் அதேதான் விழுந்துகொண்டிருந்தது. சில மாதம் கழித்து உத்தரவு வந்தது. கூரை போடும்வரை கிடங்கைப் பெரிதாக்கக்கூடாது, இருக்கிற குவியலையும் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். 'உணவில் துகள் படிவது குறித்து ஒரு பெண்மணி தெரிவித்ததன் பேரில்' என்று அதில் எழுதியிருந்தது. என் மூன்று பக்கத்திலிருந்து ஏதாவது ஒரு வரி இருக்கிறதா என்று இரண்டு முறை தேடிப் பார்த்தேன். இல்லை.

போன மாதம் மணலி புதுநகரில் ஒரு பெண்கள் கூட்டத்துக்கு அவளைப் பேசக் கூப்பிட்டார்கள். படி இறங்கி வந்து, "எதுனா எழுதிக் குடுக்கா, பயமா கீது" என்றாள்.

"எழுதிப் படிச்சா உனக்கு வராது. நீயா பேசு" என்றேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. நான் பாராட்டியதாக நினைத்துக்கொண்டாள். இல்லை என்று நானும் சொல்லவில்லை.