மதாவுக்குப் போன சனிக்கிழமை

அஜ்மானில் ஒன்பது வருடம் குடியிருந்தும் அதே எமிரேட்ஸின் கிழக்குக் கரையில் இருக்கும் கோர்ஃபக்கானை நான் பார்த்ததில்லை. வார நாளெல்லாம் என் கணவருக்கு துபாய் டிராஃபிக்கிலேயே உயிர் போய்விடும். லீவு நாளில் தூக்கமும் சூப்பர்மார்க்கெட்டும்தான்.

அப்படிப்பட்ட மனுஷர் திடீரென்று சனிக்கிழமை தவறாமல் ஊர் சுற்ற ஆரம்பித்தார். உம்முல் குவைன், ராஸ் அல் கைமா, ஃபுஜைரா என்று நான் எந்த ஊரைச் சொன்னாலும் மறுபேச்சில்லாமல் காரை எடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடம் இந்த ஆசையை எங்கே ஒளித்து வைத்திருந்தீர்கள் என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே என்னையும் மகளையும் நிற்கவைத்துப் படமெடுத்தார்.

ஐந்தாவது வாரம் கோர்ஃபக்கான் போனோம். பக்கத்தில் மதா என்று ஓர் ஊர். சுற்றிலும் எமிரேட்ஸ், நடுவில் அது மட்டும் ஓமன். எங்கோ படித்திருந்தேன். மலைக்குள் நல்ல ஊர் ஒன்று இருக்கிறது என்று மட்டும் அவரிடம் சொன்னேன். சொல்லாமலே நாடு தாண்டவைத்து அசத்தலாம் என்று என் அதிபுத்திசாலித்தனம்.

செக்போஸ்ட் கிடையாது. ரோடு பாட்டுக்குப் போனது. ஒரு வளைவு தாண்டியதும் டாஷ்போர்டில் இருந்த அவர் போனில் மெசேஜ் வந்தது. பின்சீட்டிலிருந்து எட்டு வயது மகள் எட்டிப் படித்தாள்.

“வெல்கம் டு ஓமன்! அப்பா, வீ ஆர் இன் ஓமன்!”

அவர் பிரேக்கை மிதித்தார்.

“பைத்தியமா உனக்கு? முன்னாடியே சொல்ல மாட்டியா?”

என்னிடம் அப்படிக் கத்தியவரே இல்லை.

“என்னங்க, ஸ்டாம்ப்கூட அடிக்கல. இப்படியே திரும்பினா ஆச்சு.”

“வெளிய போனா மறுபடி உள்ள விடமாட்டாங்க.”

“ஏன்? அதான் விசா இருக்கே!”

மகளைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

“கேன்சல் பண்ணியாச்சு. வேலை போயி ஒன்றரை மாசமாச்சு.”

“எங்களுக்கும் சேர்த்தா?”

“மூணு பேருக்கும். நாட்டை விட்டுக் கிளம்ப இன்னும் பதினஞ்சு நாள்தான் டைம். அதுக்குள்ள வேற வேலை கிடைச்சுரும்னு பார்த்தேன்.”

ஒன்றரை மாதம் காலையில் ஐந்தரைக்கு எழுந்து டப்பா கட்டிக்கொடுத்திருக்கிறேன். சட்டை இஸ்திரி போட்டிருக்கிறேன். அதையெல்லாம் மாட்டிக்கொண்டு இவர் துபாய் கராமாவில் ஒரு நண்பரின் ரூமில் உட்கார்ந்து வேலைக்கு மனு போட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. வேலை போனதை மன்னித்துவிடலாம். என் விசாவை ரத்து செய்துவிட்டு என்னிடமே மறைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. இப்படி ஒரு பொய்யை வீட்டுக்குள்ளேயே சொல்ல எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை என்றார்.

வண்டியைத் திருப்பினோம். யாரும் தடுக்கவில்லை, பயந்ததெல்லாம் வீண். கொஞ்ச நேரத்தில் போன் பழைய நெட்வொர்க்குக்கு வந்தது.

“அம்மா, நெக்ஸ்ட் வீக் எந்த ஊரு?”

அவர் சாலையையே பார்த்து ஓட்டினார்.

“நம்ம ஊருக்கு, மதுரைக்குப் போலாம்டி,” என்றேன்.

“ஸ்கூல் இருக்கே? எப்போ திரும்பி வருவோம்?”

கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது.

“ஸ்கூலுக்கு லீவு சொல்லிக்கலாம். லீவு முடிஞ்சதும் வந்துரலாம்,” என்றேன்.