பழுக்க வைத்த குப்பி

மஸ்தூராவின் மூக்கைப் பற்றி மலேசியாவின் ரவாங் ஊரில் பல கதைகள் உலவுகின்றன. அவற்றில் பாதி அவளே கிளப்பிவிட்டவை என்று அவள் கணவன் சம்சுரி சொல்வான். பக்கத்து அடுக்குமாடியில் சம்பல் அடிப்பிடிப்பதை, அதைக் கிண்டுகிறவளுக்குத் தெரியும் முன்பே இவள் சொல்லிவிடுவாள் என்பது ஒரு கதை. அது மட்டும் உண்மை. அந்த மூக்கை வைத்துத்தான் அவள் இருபத்துமூன்று வருடம் சாப்பிட்டாள்.

முதல் பத்தொன்பது வருடம் கிள்ளானில் ஒரு பிஸ்கட் ஆலை. கலவைப் பிரிவில் வனிலா, வெண்ணெய், வாழைப்பழம் என்று மணச்சாறுகளை அளந்து மாவில் ஊற்றுகிற வேலை. அளவுக் குவளையைப் பார்க்காமல் முகர்ந்தே ‘போதும்’ என்பாள். மேலாளர் குவளையைத் தூக்கிப் பார்த்தால் சாறு அளவுக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ஆலையை மூடியபோது அவளுக்கு முப்பத்தேழு வயது. மூக்கை மட்டும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஹைக்கல் அவளுக்குத் தூரத்து உறவு. மின்சிகரெட்டில் ஊற்றுகிற திரவத்தை ஒரு கடைவீட்டு மாடியில் கலந்து குப்பியில் அடைத்து விற்றுக்கொண்டிருந்தான். வியாபாரம் தெரியும், கலக்கத் தெரியாது. அவன் செய்த மாம்பழம் சோப்புத் தண்ணீர் போலிருந்தது. வீடு தேடி வந்து ‘காக்’, அதாவது அக்கா, என்று காலைச் சுற்றினான்.

“காக், பிஸ்கட்டுக்குக் கலந்தத புகைக்குக் கலக்கணும், அவ்ளோதான் லா. சரக்கெல்லாம் அதே சரக்கு.”

அந்த ‘அவ்ளோதான்’ அவளுக்கும் சரியாகத்தான் பட்டது. அதே கம்பெனியின் அதே மணச்சாறு, அதே ஹலால் சான்றிதழ், உணவில் சேர்க்கத் தகுந்தது என்கிற அதே முத்திரை. சான்றிதழைச் சட்டமிட்டுக் கடை வாசலில் மாட்டினார்கள். வருகிறவர்கள் அதைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டுவார்கள். அவளும் தினமும் பார்த்தாள். நான்கு வருடமாகப் பார்த்தும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் நின்று யோசிக்கவில்லை.

வேலைக்கு அவள் ஒப்புக்கொண்டது ஹைக்கலுக்காக அல்ல. சம்சுரி மணல் லாரி ஓட்டுகிறவன். ஒரு நாளைக்கு நாற்பது கிராம்பு சிகரெட். லாரியில் கிராம்பு வாசம், சட்டையில் கிராம்பு வாசம், தலையணையில் கிராம்பு வாசம். அவ்வளவு கூர்மையான மூக்கோடு அந்த மனுஷன் பக்கத்தில் இத்தனை வருடம் படுத்திருந்ததற்கே அவளுக்கு ஒரு பதக்கம் கொடுக்கலாம். கெஞ்சினாள், அழுதாள், ஒளித்து வைத்தாள். எதற்கும் அசையவில்லை. அவனுக்கு இந்த உலகத்தில் சிகரெட்டுக்கு மேலே பிடித்தது ஒன்றே ஒன்று, காலையில் ரொட்டியில் தடவித் தின்கிற காயா. தேங்காய்ப் பால், முட்டை, சர்க்கரை, மணத்துக்குப் பாண்டான் இலை எல்லாம் சேர்த்துப் பொறுமையாகக் கிண்டுவது. அதையே புகையாக்கிக் கொடுத்துவிட்டால் என்ன என்று மஸ்தூராவுக்குத் தோன்றியது.

ஐந்து மாதம் அதற்காகவே மூக்கைத் தேய்த்தாள். பாண்டான் வந்தால் தேங்காய் ஓடிவிடும், தேங்காய் நின்றால் முட்டை நாறும். கடைசியில் வெண்ணெய் மணம் ஒரு துளி விழுந்ததும் எல்லாம் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. சம்சுரி ஒரு இழுப்பு இழுத்தான். கண்ணை மூடினான்.

“டோஸ்ட் எங்க?” என்றான்.

மூன்றாம் வாரம் மிச்சமிருந்த சிகரெட்டை எல்லாம் எதிர்வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டான். அன்று அவள் தலையணை உறையை மூன்று தரம் துவைத்தாள். வாழ்க்கையில் தான் சாதித்தது எது என்று யாராவது கேட்டால் காயாவைத்தான் சொல்வாள். அது ஹைக்கலின் கடையில் அதிகம் விற்கிற சரக்காகவும் ஆனது தனிக்கதை.

கலந்த திரவத்தை உடனே விற்க மாட்டார்கள். குப்பியில் அடைத்து இருட்டு அலமாரியில் பழுக்க வைப்பார்கள். மாங்காயைப் பழுக்கப் போடுவதற்கு என்ன சொல்லோ அதே சொல்தான் அவர்களிடம் இதற்கும். பழங்களுக்கு ஒரு வாரம் போதும். காயாவுக்கு எட்டு வாரம். வைக்கோல் நிறத்தில் போவது தேயிலை நிறத்தில் வரும், முனைப்பெல்லாம் மழுங்கி மணம் திரண்டு நிற்கும். வாங்குகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. புதுக் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “இன்னும் பழுக்கலயே” என்று திருப்பிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு கலவையிலும் பன்னிரண்டு குப்பியை அலமாரியின் ஆழத்தில் தள்ளி வைத்து, நான்கு மாதம் கழித்து எடுப்பாள் மஸ்தூரா. அவை சம்சுரிக்கு. மற்றவர்களுக்கு நல்லது, தன் புருஷனுக்கு மிக நல்லது என்பது அவள் கணக்கு.

குப்பியின் மேல் தங்க நிற ஒட்டு ஒன்று இருக்கும்: ‘டையசிட்டைல் இல்லை’. வெண்ணெய் மணம் தருகிற சரக்கு அது. தின்றால் ஒன்றும் செய்யாது. ஆனால் எங்கோ வெளிநாட்டில், சோளப்பொரி ஆலையில் அதன் ஆவியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று என்று இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் மஸ்தூரா அதைத் தொடுவதே இல்லை. அதன் சாதுவான தங்கை அசிட்டோயினைத்தான் வாங்குவாள். அதுவும் வெண்ணெய் மணம்தான், தொந்தரவு இல்லாதது என்று பெயர். ஒவ்வொரு கலவையிலும் ஒரு குப்பியை ஷா ஆலாமில் இருக்கிற சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். அடைத்த அன்றே அனுப்பிவிடுவார்கள். அறிக்கை சுத்தமாக வரும்.

இந்த முறை அனுப்பிய குப்பி வழியில் உடைந்துவிட்டது. சோதனைக்கூடத்து மிஸ் தியோ வேறொன்று கேட்டாள். மஸ்தூரா அந்தப் பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். கைப்பையில் சம்சுரிக்கென்று எடுத்த குப்பி ஒன்று கிடந்தது. காயாதானே, எந்தக் காயாவாக இருந்தால் என்ன என்று அதையே கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மத்தியானம் மிஸ் தியோவின் தொலைபேசி வந்தது.

“காக், லேபிள்ல என்ன ஒட்டுறீங்க?”

“டையசிட்டைல் இல்லன்னு. ஏன் மிஸ்?”

“இருக்கு. நல்லாவே இருக்கு.”

“நான் அத வாங்குறதே இல்ல. வேற யார் குப்பியோ மாறியிருக்கும்.”

“மெஷின்ல மூணு தரம் ஓட்டிப் பாத்துட்டேன். இது எத்தன நாள் குப்பி?”

மஸ்தூரா விரல் விட்டு எண்ணினாள். “நாலு மாசம்.”

“அதான். நீங்க ஊத்த வேணாம் காக், அதுவே உண்டாகுது. அசிட்டோயின் நிக்கோட்டினோட சேந்து கெடந்தா கொஞ்சம் கொஞ்சமா டையசிட்டைலா மாறும். எவ்ளோ நாள் வைக்கிறீங்களோ அவ்ளோ ஏறும்.”

“சரக்குக்குச் சான்றிதழ் இருக்கே மிஸ்.”

“இருக்கு, நானும் பாத்தேன். உணவில் சேர்க்கலாம்னு போட்டிருக்கு. நுரையீரலுக்கா சோறு போடுறீங்க?”

மிஸ் தியோ கேலிக்காரி, கெட்டவள் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் மஸ்தூரா தொலைபேசியை வைத்துவிட்டு எழுந்தாள். கடை வாசலில் மாட்டியிருந்த சட்டத்தின் முன்னால் போய் நின்று முதல் தடவையாக வரி வரியாகப் படித்தாள். வயிற்றுக்குக் கொடுத்த சான்றிதழ் அது. மூச்சைப் பற்றி அதில் ஒரு எழுத்து இல்லை. பொய்யும் இல்லை. இவர்கள்தான் இல்லாததைப் படித்துக்கொண்டிருந்தார்கள்.

அலமாரியின் ஆழத்திலிருந்து ஒரு பழைய குப்பியை எடுத்தாள். புதுக் குப்பி ஒன்றையும் திறந்து இரண்டையும் மாற்றி மாற்றி முகர்ந்தாள். இரண்டும் வெண்ணெய். பழையது இன்னும் அருமையான வெண்ணெய். தங்கை அக்காவாக மாறியது இந்தப் பெருமைக்குரிய மூக்குக்குத் தெரியவே இல்லை. இல்லை, தெரிந்துதான் இருந்தது; ஆனால் அதைத்தான் இவள் ‘பழுத்திருக்கிறது’ என்று சொல்லி வந்திருக்கிறாள். இரண்டு குப்பியையும் மூடி வைத்தாள்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லப் பயம். நுரையீரல் பயம் ஒரு பக்கம், சிகரெட் பயம் இன்னொரு பக்கம். காயாவைப் பிடுங்கினால் மறுநாளே அந்த மனுஷன் நாற்பது கிராம்புக்குத் திரும்பிவிடுவான். பிடுங்காவிட்டால் இவள் ஆசையாக ஒதுக்கி வைத்ததையே இழுத்துக்கொண்டிருப்பான். மூன்று நாள் அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த அடுப்பையே துடைத்தாள். சோற்றில் உப்பை இரண்டு தரம் போட்டாள். அவர்களுக்கு நான்காம் மாடியில் வீடு, மின்தூக்கி கிடையாது. சம்சுரி படியேறுகிற சத்தத்தை அடுப்படியில் நின்று கேட்டாள். மூன்றாம் மாடியில் அவன் நின்றான். எப்போதும் நிற்பானா, இப்போதுதான் நிற்கிறானா? யோசித்து யோசித்துப் பார்த்தாள், நினைவில்லை. ஐம்பது வயது, தொப்பை, இருபத்தெட்டு வருட சிகரெட். எதனால் நிற்கிறான் என்று யார் சொல்ல முடியும்? அவன் இருமும்போதெல்லாம் எத்தனை தரம் என்று இவள் எண்ணினாள்.

வெள்ளிக்கிழமை ஹைக்கலிடம் சொன்னாள். காயாவிலேயே புதிதாக அடைத்த குப்பி ஒன்றும் நான்கு மாதக் குப்பி ஒன்றுமாக இரண்டை மிஸ் தியோவிடம் மறுபடி சோதிக்கச் சொல்லியிருந்தாள். புதியதில் ஒன்றும் இல்லை. பழையதில் முதல் சோதனையில் வந்த அதே அளவு டையசிட்டைல். இரண்டு அறிக்கையையும் மேசையில் வைத்தாள்.

ஹைக்கல் புதியதை மட்டும் கையில் எடுத்தான். “சுத்தமாத்தானே இருக்கு.”

“நம்ம இதையா விக்கிறோம்?”

“சோதனைக்குக் குடுக்குறது இதத்தானே காக். யாரும் பழசக் குடுன்னு கேக்கல. வேணும்னா லேபிள்ல ‘உடனே பயன்படுத்தவும்’னு ஒரு வரி போட்டுடுறேன்.”

“பழுக்கலன்னு திருப்பிக் குடுக்குற கும்பல் அது. நீ எழுதினா கேட்டுடுமா?”

“அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க? காயா இல்லன்னா நம்ம கடை என்ன கடை?”

“இனிமே எந்தக் கலவைக்கும் ‘சரி’ன்னு நான் கையெழுத்துப் போட மாட்டேன் ஹைக்கல். என் மூக்க நம்பித்தான் எல்லாரும் வாங்குறாங்க. அந்த மூக்கே ஏமாந்து போயிருக்கு.”

அவன் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. இரண்டு அறிக்கையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சம்சுரிக்கென்று ஒதுக்கியிருந்த குப்பிகளை அவள் பைக்குள் அள்ளிக்கொண்டாள். அலமாரியைப் பூட்டிச் சாவியையும் பைக்குள் போட்டாள். அவன் தடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை சம்சுரி ரொட்டி வாங்கக் கிளம்பினான். வாசல்படியில் அவனை நிறுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவனிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வேறு நேரம் பார்த்தால் தைரியம் போய்விடும். அவன் ஒரு செருப்போடு நின்று கேட்டான்.

“அப்ப எனக்குன்னு நீ தனியா எடுத்து வச்சது?”

“அதுலதான் அதிகம், அபாங்.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “பழசுதான் நல்லதுன்னு வச்சேன். உங்களுக்குன்னு பாத்துப் பாத்து வச்சேன்.”

அவன் சட்டைப் பையிலிருந்து மின்சிகரெட்டை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டு இறங்கிப் போனான். ரொட்டிக் கடை கீழேதான், பத்து நிமிட வேலை. அரை மணி ஆயிற்று. மஸ்தூரா குப்பிகளை மேசையில் வரிசையாக வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அடுப்பைப் பற்ற வைத்து அணைத்தாள். கடைசியில் படிக்கட்டில் காலடி கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்றாம் மாடி. நின்றது. காதைத் தீட்டிக்கொண்டு நின்றவளுக்கு, காதுக்கு முன்னால் மூக்கு சொல்லிவிட்டது. கிராம்பு.

அவன் உள்ளே வந்து ரொட்டியை மேசையில் வைத்தான். பக்கத்தில் ஒரு சிகரெட் பெட்டியை வைத்தான். மேலே சுற்றியிருந்த கண்ணாடித் தாள் கிழிபடவில்லை.

“வாங்கினேன். பிரிக்கல. ரெண்டு தரம் பிரிக்கப் போனேன்.”

“தெரியும். கீழ இருக்கும்போதே வாசம் வந்துடுச்சு.”

“உன் மூக்க அறுத்துப் போலீஸ் நாய்க்குத்தான் வைக்கணும்.” குப்பிகளையும் பெட்டியையும் அருகருகே நகர்த்தினான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். “இந்தா மஸ். இது ஒண்ணு, அது ஒண்ணு. எது கம்மி மோசம்? நீ சொல்றத இழுக்குறேன். அன்னிக்கும் நீ குடுத்துத்தானே சிகரெட்ட விட்டேன்.”

நான்கு வருடமாக யார் கேட்டாலும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. கடைக்கு வருகிறவன், அவன் பெண்டாட்டி, அண்டை அயல், எல்லோருக்கும் சட்டமிட்ட சான்றிதழைக் காட்டி, “பயமே வேணாம்” என்று சொல்லியிருக்கிறாள். வெண்ணெய் மணத்தை நீக்கிவிட்டு ஒரு காயா கலந்து தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். அதில் இருக்கிற பாண்டான் மணம் மூச்சுக்குள் போய் என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியுமா? தேங்காய் மணம்?

“தெரியல, அபாங்,” என்றாள். “எனக்கு எதுவுமே தெரியல.”

சம்சுரி அவளை நிமிர்ந்து பார்த்தான். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அவன் பெட்டியையும் குப்பிகளையும் சேர்த்து ஒரே தள்ளாக மேசையின் அந்த ஓரத்துக்குத் தள்ளினான்.

“திங்கிறதுக்குத்தானே சான்றிதழ் குடுத்திருக்காங்க?”

“ஆமா.”

“அப்ப தின்னுட்டுப் போறேன். டோஸ்ட் எங்க?”

அவள் ரொட்டியை வாட்டினாள். வீட்டில் கிண்டி வைத்திருந்த காயாவை ஒரு விரல் கனத்துக்குத் தடவினாள். அவன் நான்கு துண்டு தின்றான், ஐந்தாவதும் கேட்டான். ஒவ்வொரு துண்டுக்கும் நடுவே அவன் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று, ஒன்றுமில்லாமல் திரும்பி வந்து மேசையைத் தட்டியது. மஸ்தூரா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு, அடுத்த ரொட்டியை வாட்டப் போட்டாள்.