உம்மா கேட்ட அளவான புள்ளி

உயர்தரப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தபோது, சாய்ந்தமருதில் எங்கள் டியூஷன் சேர் எல்லோரிடமும் இலக்குப் புள்ளி கேட்டார். நாங்கள் உயிரியல் பிரிவு. அம்பாறை மாவட்டத்தில் மருத்துவத்துக்குப் போன வருடம் கடைசியாக எடுபட்ட பிள்ளையின் புள்ளியை, அதாவது வெட்டுப்புள்ளியைத்தான், எல்லோரும் சொன்னார்கள். நான் அதைவிட நன்றாகக் கூட்டிச் சொன்னேன்.

“அம்பாறை மாவட்டத்துக்கு மற்றவங்க சொன்னதே காணுமே மகள், ஏன் கூட?” என்றார் சேர்.

“காணும் சேர். ஆனா எனக்குக் கொழும்பு கெம்பஸ் வேணும்.”

பின்வரிசை வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். மட்டுமட்டாக எடுத்தால் தருகிற இடத்துக்குத்தான் போகவேண்டும். கூட எடுத்தால் எந்த ஊர் மருத்துவ பீடம் என்று நான் கேட்கலாம். பௌதிகம் கொஞ்சம் இழுபறிதான். மற்ற இரண்டு பாடத்திலும் என்னை அசைக்க ஆளில்லை என்று நம்பினேன். அந்த நம்பிக்கைக்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை.

சிக்கல் வீட்டில் தொடங்கியது. உம்மாவின் தங்கை, என் சாச்சி, வந்து ஒரு கதையைப் போட்டுவிட்டுப் போனார். “கூட எடுத்தா கொழும்புக்கு எடுத்திருவாங்க ராத்தா. அளவா எடுத்தா பக்கத்துல மட்டக்களப்புதான்.”

அன்றிலிருந்து உம்மாவின் துஆ மாறிவிட்டது. மாலையில் மஃரிப் தொழுதுவிட்டுக் கையேந்தி, எனக்கும் கேட்கிற மாதிரியே சொல்வார்: “யா அல்லாஹ், என்ட புள்ளய டொக்டராக்கு. மட்டக்களப்புக்குக் காணுமான அளவு குடு. அதுக்கு மேல வேணாம்.”

“கேட்டியா மகள், அல்லாஹ்கிட்டயே வெட்டுப்புள்ளி சொல்றா” என்று வாப்பா சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“தெரிஞ்ச விடைய எழுதாம வரச் சொல்றீங்களா?” என்று உம்மாவைக் கேட்பேன்.

“அப்பிடிச் சொல்லல்ல. கூட எடுத்திராத எண்டுதான் சொன்ன.”

எங்கள் ஊர்களில் பெண் கல்யாணம் முடித்தாலும் உம்மாவை விட்டுத் தூரம் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். உம்மாவும் அவரின் தங்கைகளும் ஒரே ஒழுங்கையில்தான் இருக்கிறார்கள். மகள் பஸ் ஏறிப் போய் வேறு ஊரில் வருடக்கணக்கில் இருப்பது உம்மாவுக்குக் கற்பனையில்கூட இல்லாத விஷயம். மட்டக்களப்பென்றால் வெள்ளிக்கிழமைச் சோற்றுக்காவது வந்துவிடுவேன் என்று ஒரு கணக்கு. ஆனாலும் விடிய சுபஹுத் தொழுகைக்கு முன்னே என்னை எழுப்பி, இஞ்சித் தேத்தண்ணி தந்து, பழைய வினாத்தாளை முன்னால் வைப்பவரும் அவர்தான். குறைவாகக் கேட்பதும் கூடுதலாகப் படிக்கவைப்பதும் ஒரே ஆள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

பெறுபேறு வந்தது. பௌதிகம் காலை வாரியதால் சொன்ன இலக்குக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் மாவட்டத்தில் நான் எத்தனையாவது என்று பார்த்த சேர், “தைரியமாக் கொழும்பு கேள்” என்றார்.

விண்ணப்பம் போடுகிற அன்று வாப்பா மடிக்கணினியோடு உட்கார்ந்தார். எந்த இடம் முதலாவது விருப்பம் என்று கேட்கிற பகுதி வந்ததும் அவர் கை நின்றது.

“மட்டக்களப்ப முதலாவதாப் போடுவமா மகள்? எங்க படிச்சாலும் டொக்டர்தானே.”

சேரிடம் பட்டென்று சொன்ன நான் இப்போது திரும்பிப் பார்த்தேன். கொழும்பு வேண்டும். ஆனால் குசினி வாசலில் உம்மா நின்றார்.

“அவள் கேட்டதப் போடுங்க” என்றார் உம்மா.

“அவள் போனா மறுகா நீ அழுவாய்” என்றார் வாப்பா.

“அழுவன்தான். அதுக்காக மாத்திப் போடாதீங்க.”