முதல் பாட்டுக்கு முன்னால் பேசியவர்

மனைவி மகளின் படிப்புக்காக பெங்களூருக்குப் போனபிறகு உத்திரமேரூர் வீட்டில் நான் மட்டும்தான். காலையில் வைக்கிற சோறே இரவுக்கும். வீட்டில் ஏதாவது ஒரு குரல் கேட்கட்டும் என்று, சாப்பிடும்போது போனில் எதையாவது ஓடவிடுவேன். அப்படி ஒருநாள் ஓடியதுதான் அந்தக் கச்சேரி. பழைய கல்லூரி ராக் குழுக்களின் பதிவுகளைத் தேடிச் சேர்க்கிறவர்கள் நடத்தும் பக்கம் அது. 'யார் வாசித்தது, எங்கே, யார் திருட்டுத்தனமாகப் பதிந்தது, எதுவும் தெரியவில்லை' என்று போட்டிருந்தார்கள்.

இரண்டாவது பாட்டில் பேஸ் கிட்டார் ஓரிடத்தில் தாளம் தப்பி, தடுமாறி மறுபடி சேர்ந்துகொண்டது. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. தடுமாறியது நான்தான்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய கல்லூரி மைதானத்தில் நாங்கள் நால்வர் வாசித்த ஒரே கச்சேரி அது. அதற்கு மறுவருடம் பாடகன் சாலை விபத்தில் போய்விட்டான். மற்ற இருவரும் வெளிநாட்டில். அவர்களுக்கு அனுப்பினேன். ஒருவன் கட்டைவிரல் படம் அனுப்பினான். இன்னொருவன் பார்த்ததற்கான அடையாளம் மட்டும் வந்தது.

எங்கள் பாட்டைப் பதிந்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு அன்று யாருக்கோ பிடித்திருக்கிறது. அது யார் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. பதிவேற்றியவன் சென்னைப் பையன். கேட்டதற்கு, காஞ்சிபுரத்தில் பழைய இரும்புக் கடையில் கிடைத்த கேசட் என்றான். திரும்பத் திரும்பக் கேட்டதில், மூன்றாவது பாட்டின் ஊடே, பதிந்த மைக்குக்கு மிக அருகில் ஒரு குழந்தை அழுவதும், ஒரு பெண் அதட்டாமல் சமாதானம் சொல்வதும் காதில் விழுந்தது. "அளாதடா நைனா. தோ, முடிஞ்சிடும்."

மாணவிகள் யாரும் கைக்குழந்தையோடு வரவில்லை. மைக் செட்டுக்காரர் வீட்டுப் பெண்ணாக இருக்கலாம் என்று பட்டது. அன்றைக்கு மைக் செட் காவாந்தண்டலம் கிராமத்திலிருந்து வந்தது ஞாபகம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

டீக்கடையில் விசாரித்தேன். "மைக் செட்டுக்காரரா? அவுரு போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சே சார். சம்சாரம் கீறாங்க, சர்ச்சுக்குப் பின்னால வூடு" என்றார் கடைக்காரர்.

அந்த அம்மா நாற்று நட்டுவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, போனில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். முதலில் புரியவில்லை. இரண்டாம் முறை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஐய, என் கொரலா இது? அளுவுறது எம்புள்ள சார். இப்ப ஒரகடத்துல கம்பெனி வேலைல கீறான்."

"நீங்கதான் ரெக்கார்ட் பண்ணீங்களா?"

"அவுரு அப்பதான் ஒரு பழைய டேப்ரெக்கார்ட்ரு வாங்கினாரு. நல்லா புடிக்குதான்னு பாக்கணும், அவுரால ஆம்ப்ளிபயர வுட்டு நவுர முடியாது. மடியில வச்சிக்கினு குந்துன்னாரு. குந்தினேன்."

"பாட்டு எப்படி இருந்துச்சு?"

"இன்னா பாட்டுன்னே புரியல சார். ஒரே சத்தம். தப்பா நெனச்சிக்காதீங்க."

நினைக்கவில்லை என்றேன். பஸ் ஏறி வந்த ஆவல் வடிந்துவிட்டது. கணவர் இறந்தபின் கேசட்டுகளை எல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டதாகச் சொன்னார். நான் எழுந்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அவுரு கொரலு இதுல கீதா சார்?"

இல்லை என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் வரும்போதுதான் உறைத்தது. அந்தப் பதிவு கிட்டார் சத்தத்தில் சட்டென்று தொடங்குகிறது. சென்னைப் பையனுக்குப் போன் செய்தேன்.

"முன்னாடி யாரோ மைக் டெஸ்ட் பண்ணிட்டிருப்பாரு சார். பாட்டு இல்லையேன்னு வெட்டிட்டேன். முழுசா வச்சிருக்கேன், அனுப்பவா?"

அடுத்த ஞாயிறு மறுபடி போனேன். அந்த அம்மா போனைக் காதோடு வைத்துக்கொண்டார். கரகரப்புக்கு நடுவே அன்றைய மைதானத்து ஸ்பீக்கர் வழியாக ஓர் ஆண்குரல் வந்தது. "அலோ... அலோ... மைக் டெஸ்டிங். இந்தாம்மே, அங்க கேக்குதா? கேட்டா கையத் தூக்கு."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"சளி புடிச்சிருந்துது அன்னிக்கு" என்றார். "கஷாயம் வச்சிக் குடுத்தேன், குடிக்காமயே பூட்டாரு."

மறுபடி போடச் சொன்னார். போட்டேன். கிட்டார் தொடங்கியதும், "போதும் சார், மொதல்லேந்து போடுங்க" என்றார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு தடவையும் நாங்கள் வாசிக்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தினேன். அவரிடம் இருந்தது பட்டன் போன், அதனால் மகனின் நம்பரை வாங்கி, பதிவை அங்கிருந்தே அவனுக்கு அனுப்பிவைத்தேன். காபி போட்டுக் கொடுத்தார். பாடியது யார் என்று ஒரு மரியாதைக்குக் கேட்டார். என் சிநேகிதன் என்றேன்.

"நல்லா கீறாரா?"

"இல்லம்மா, போயிட்டான்."

"அடப்பாவமே" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து இயர்போனை மாட்டிக்கொண்டு, அவர் நிறுத்தச் சொன்ன இடத்திலிருந்து மீதியைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.