மார்கழிக் கல்யாணத்தில் ஒரு படம்

அத்தையின் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து மரணச் செய்தி படித்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

ஜலகண்டாபுரத்தில் மார்கழி மாதம் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. அப்பா வேண்டுமென்றேதான் தங்கைக்கு மார்கழியில் வைத்தார். நெசவாளர் சங்கத்தில் செங்கொடி பிடித்தவர். நல்ல நேரம், ஐயர், ஹோமம் எதுவும் கிடையாது. மேடையில் ஒரு படம் தொங்கும், கட்சித் தலைவர் ஒருவர் பேசுவார், மாப்பிள்ளை தாலி கட்டுவார், அவ்வளவுதான். மாப்பிள்ளை வீடு வெண்ணந்தூர். அவர்களும் தறிக்காரர்கள்தான், ஆனால் கோயில் குளம் என்று போகிறவர்கள். பல நடை நடந்து பேசிய பிறகே ஒப்புக்கொண்டார்கள்.

படத்தை அப்பாவே நெய்திருந்தார். படத்தில் இருந்தவர் ஐரோப்பாவின் கிழக்கே கம்யூனிஸ்டுகள் ஆண்ட ஒரு நாட்டின் அதிபர். தபாலில் வரும் வழவழப்பான பத்திரிகை ஒன்று அவருடைய வாழ்க்கையைத் தொடராகப் போட்டது. ஏழை வீட்டுப் பிள்ளை, கட்சியில் சேர்ந்து சிறைக்குப் போனவர், பிறகு நாட்டுக்கே தலைவர். பள்ளிக்கூடம் கட்டினார், அணை கட்டினார், குழந்தைகளைத் தூக்கிக் கொஞ்சினார். அந்த முகத்தைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து, அதன்படி அட்டையில் துளை அடித்து, உருவம் நெய்யும் ஜக்கார்டு தறியில் கறுப்பும் வெள்ளையுமாக இறக்கினார் அப்பா. சிரிக்கும்போது கண்ணோரம் விழும் சுருக்கம்கூடத் துணியில் தெரியும்.

அந்தத் தொடரைத் தறிப்பட்டறையில் படித்துக் காட்டியது நான். அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தினமும் பள்ளிக்கூடம் போவதற்கு முன் தறிச் சத்தத்தை மீறிச் செய்தித்தாளைப் படிப்பது என் வேலை. அதற்கு அவர் வைத்திருந்த விதி ஒன்றுதான். “பிடிச்சது பிடிக்காததுன்னு தாண்டக் கூடாது சாமி. கடைசி வரி வரைக்கும் படிக்கோணும்.”

கல்யாண வேலையில் நான்கைந்து நாளாக எங்கள் வீட்டில் யாரும் செய்தித்தாளைப் பிரிக்கவில்லை. அன்று சேலத்திலிருந்து வரவேண்டிய தலைவருக்கு பஸ் தாமதம். மண்டபம் நிறைந்திருந்தது. படத்தில் இருப்பது யார் என்று அப்பா வந்தவர்களுக்கெல்லாம் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். அத்தையும் மாப்பிள்ளையும் மாலையைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருந்தார்கள். மைக் சும்மா இருந்தது. அப்பா அன்றைய செய்தித்தாளோடு என்னைக் கூப்பிட்டார்.

“வா சாமி, பேப்பர் படி. சம்மந்தி ஊட்டுக்காரங்களும் கேக்கட்டும்.”

மேட்டூர் அணை நீர்மட்டத்தைப் படித்தேன். எல்லோரும் சிரித்தபடி கேட்டார்கள். அடுத்த செய்தி, அதிபரும் அவர் மனைவியும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பது. ராணுவ நீதிமன்றம் சீக்கிரமே விசாரணையை முடித்து, இருவரையும் சுவரோரம் நிறுத்திச் சுட்டது. நாட்டின் பெயரைப் படித்ததும் கூட்டத்தில் சத்தம் நின்றது. கீழே புகைப்படம் இருந்தது. தரையில் ஒருவர் சரிந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். அதே முகம் என் தலைக்கு மேல் சிரித்துக்கொண்டிருந்தது.

தாளை மடிக்கப் போனேன். ஆனால் அப்பாவின் விதி இருந்தது. ரொட்டிக்கும் பாலுக்கும் மக்கள் பனியில் வரிசையில் நின்றதை, வீடுகளில் விளக்கும் கணப்பும் இல்லாமல் கிடந்ததை, செய்தி கேட்டுத் தெருவில் கட்டிப்பிடித்து ஆடியதை, எல்லாவற்றையும் கடைசி வரி வரை மைக்கில் படித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

“ஏனுங்க சம்மந்தி, மார்கழின்னீங்க, செரின்னோம். ஐயரு வேண்டாம்னீங்க, அதுக்கும் செரின்னோம். பொண்டாட்டியோட சுட்டுப் போட்ட ஆளு படத்துக்குக் கீழயா எம்பையன் தாலி கட்டோணும்? நாங்க கெளம்பறோமுங்க.”

“பேப்பர்க்காரன் பொய்யி போட்டிருப்பானுங்க, இருங்க” என்றார் சங்கத்துக்காரர் ஒருவர். அவர் முகமே அதை நம்பவில்லை. வெண்ணந்தூர்க்காரர்கள் செருப்பைத் தேடத் தொடங்கினார்கள். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த மாலையைப் பார்த்தார்.

அத்தைதான் பேசினாள். “அண்ணா, அதைக் கழட்டுங்க. இல்லாட்டி நானே ஏறிக் கழட்டறேன்.”

அப்பா நாற்காலி போட்டு ஏறினார். இறக்கும்போது துணி புரண்டு பின்பக்கம் தெரிந்தது. அந்தப் பக்கம் கறுப்பு நூலும் வெள்ளை நூலும் இடம் மாறி ஓடும். முகம் கறுப்பாக, கண் வெள்ளையாக இருந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டது. முகத்தின் மேல் மடிப்பு விழக்கூடாது என்று அதுவரை அந்தத் துணியை உருளையில் சுற்றியே வைத்திருந்தவர், நான்காக மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். வெண்ணந்தூர்க்காரர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் வருவதற்குள் தாலி ஏறிவிட்டது.

பந்தியில் அப்பாவைக் காணவில்லை. நாற்காலிகள் அடுக்கியிருந்த அறையில், மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“ஆராச்சும் அழுதாங்கன்னு போட்டிருக்குதா சாமி?”

செய்தித்தாளை எடுத்துவந்து தேடினேன். “இல்லீங்கப்பா.”

“நல்லாப் பாரு. அத்தனை பெரிய நாட்டுல ஒருத்தராச்சும்.”

என் வாசிப்பில் அவருக்கு அன்றுதான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது என்று நினைத்தேன். எங்கோ ஒரு வரியைத் தாண்டிவிட்டேன் போலும். தரையில் உட்கார்ந்து, விரலை வைத்து, தலைப்பிலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கினேன்.