கென்சிங்டன் வீடும் மன்னார்க் கருவாடும்

லண்டன் மோர்டனில் எங்கடை ஆட்கள் யாராவது வீடு வாங்கப் போனால், முதலில் எனக்குத்தான் போன் வரும். "கஸ்பர் அண்ணை, விலை இன்னும் ஏறுமோ?" தாடையைத் தடவிக்கொண்டு ஏதாவது சொல்வேன். பணக்கார வீட்டு விலையெல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு பேர். கென்சிங்டனில் ஐந்து மாடி வீட்டில் இருக்கிறவன் அல்லவா! இருப்பது அதன் நிலவறையில், காவல்காரனாக என்பதை நான் வலியப்போய்ச் சொல்வதில்லை.

எண்பத்தெட்டில் கொடிகட்டிப் பறந்த விலை, வட்டி ஏற ஏற, தொண்ணூற்றொன்றில் தலைகுப்புற விழுந்து கிடந்தது. வீட்டுக்காரர் கடனில் மூழ்க, வங்கி வீட்டைப் பிடித்தது. விற்கும்வரை உள்ளே ஓர் ஆள் வேண்டுமென்று தரகர் றொபேட் என்னை வைத்தார். பணக்காரர் நொடித்ததில் எனக்கொரு கூரை கிடைத்தது. ஊரெல்லாம் வீடு விற்கட்டும் என்று மன்றாட, நான் மட்டும் "மடு மாதாவே, இது விலைப்படக்கூடாது" என்று மன்றாடினேன். என் மனைவி பெர்னடெற்றுக்கு அப்போது ஆறு மாதம். வீடு விற்றால் பிள்ளைத்தாச்சியை எங்கே கொண்டுபோவேன்? உண்மையாகவே பயந்தேன்.

வீடு பார்க்க ஆட்கள் வரும்போது கோப்பி கொதிக்கவை, அந்த மணத்துக்கே மயங்குவார்கள் என்று றொபேட் சொல்லித்தந்தார். என் மூளை மறுபக்கமாக ஓடியது. அப்டன் பார்க் தமிழ்க்கடைக்குப் போய் மன்னார்க் கட்டாக் கருவாடு வாங்கிவந்தேன்.

"விசரே உங்களுக்கு? கருவாடு மணந்தாப் பசிக்கும். ஆரும் ஓடுவினமே?" என்றாள் பெர்னடெற்.

"நீ பேசாமல் பொரி. நாலுகால் பாய்ச்சலிலை ஓடுவினம்."

ஓடத்தான் செய்தார்கள். ஒரு தம்பதி வாசலிலேயே மூக்கைப் பொத்தினார்கள். இன்னொருவர் கழிவுக்குழாய் உடைந்துவிட்டதா என்று கேட்டார். றொபேட்டுக்கு வருடம் முழுக்கத் தடிமன், ஒன்றும் மணக்காது. "சந்தை சரியில்லை" என்று தலையில் கைவைத்தார். நானும் கவலையோடு தலையாட்டினேன்.

பிறகு ஹொங்கொங்கிலிருந்து லாம் அம்மையார் வந்தார். தொண்ணூற்றேழில் ஊர் சீனாவிடம் கைமாறப்போகிறதென்று அங்கத்தைய பணக்காரர்கள் லண்டனில் வீடு தேடிய காலம் அது. வாசலில் நின்று மூச்சை இழுத்தார். மேல்மாடிகளை ஏறெடுத்தும் பார்க்காமல் நேரே எங்கள் அடுப்படிக்கு இறங்கினார். சட்டியிலிருந்து ஒரு துண்டைக் கையாலேயே எடுத்துக் கடித்தார்.

"எத்தனையோ வீடு பார்த்துவிட்டேன். இதில்தான் மனிதர் சமைக்கிறார்கள்!"

அடுத்த மாதம் வீடு விலைப்பட்டது.

"பொரி பொரியெண்டு நிண்டியளே, இப்ப சந்தோசமே?" பெர்னடெற் அழுதழுது உடுப்புகளை மடித்தாள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டினவன் நான். நாசமாய்ப்போன மூளை!

சாவி வாங்க லாம் அம்மையார் வந்தார். மலிவில் வாங்கியதை விலை ஏறும்வரை பூட்டிவைத்துவிட்டுத் திரும்பிப் போகிறாராம். பூட்டின வீட்டுக்கும் ஓர் ஆள் வேண்டுமே.

"சமைக்கிற பெண் இங்கேயே இருக்கட்டும்" என்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் யார்?"

"அவளுடைய புருசன்" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "சரி, இவரும் இருக்கட்டும்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மகள் அந்த நிலவறையில்தான் நடைபழகினாள். விலையும் பழையபடி ஏறத் தொடங்கிவிட்டது. போன கிழமையும் மோர்டனிலிருந்து யேசுரட்ணம் போன் எடுத்தான்.

"அண்ணை, இப்ப வாங்கலாமோ?"

நான் தாடையைத் தடவினேன். அதற்குள் பெர்னடெற் போனைப் பறித்துவிட்டாள்.

"தம்பி, அவர் சொல்லுறதை வடிவாக் கேளுங்கோ. கேட்டிட்டு, அதுக்கு மாறாச் செய்யுங்கோ."